மூன்றிலிருந்து நான்குக்குப் பதில் இரண்டு
வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி–பதில்

கையால் கியர் மாற்றும் ஸ்போர்ட்ஸ் கார்களில் கியர் தவறி விழுவதையும், அதனால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழல்வதையும் பற்றிச் சில கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகள் என்பதால் அவற்றுக்குச் சேர்த்தே பதிலளிக்கிறேன். நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கையைக் கீழே ‘சுற்று’ என்று மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2002ஆம் ஆண்டின் ஹோண்டா எஸ்2000. சென்ற மாதம் ஒரு ரேஸ் டிராக்கில் ஓட்டியபோது, மூன்றாம் கியரில் 9,000 சுற்றை எட்டிய நேரத்தில் நான்காவதுக்கு மாற்றுவதாக நினைத்து இரண்டாவதில் போட்டுவிட்டேன். பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன, வண்டி ஒரு பக்கம் வெட்டியது; உடனே கிளட்சை மிதித்துவிட்டேன். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. இன்ஜின் இப்போதும் வழக்கம்போல ஓடுகிறது, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. தப்பித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், ஸ்கார்பரோ, கனடா)

பதில்: இன்ஜின் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல இயலாது. உங்கள் காரில் இத்தகைய தவற்றின் விளைவு அன்றைக்கே தெரியாமல், சில வாரங்களோ மாதங்களோ கழித்து, நெடுஞ்சாலையில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது வெளிப்படுவது உண்டு. ஆகவே சோதித்துப் பார்க்கும் வரை அதை டிராக்குக்குக் கொண்டு செல்லாதீர்கள்; அன்றாட ஓட்டத்தையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உங்கள் கியர் பெட்டியில் இரண்டாம் கியரின் விகிதம் 2.045, மூன்றாவதற்கு 1.481, நான்காவதற்கு 1.161. நீங்கள் நினைத்தபடி நான்காவது விழுந்திருந்தால் இன்ஜின் 9,000 சுற்றிலிருந்து ஏறத்தாழ 7,050க்கு இறங்கியிருக்கும். இரண்டாவது விழுந்ததால், வண்டியின் வேகம் மாறாத அந்தக் கணத்தில், அது 12,400 சுற்றுக்கு மேல் ஏறியாக வேண்டும். வேகக் கணக்கில் சொன்னால், மூன்றாம் கியரின் உச்சியில் உங்கள் கார் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டரில் சென்றிருக்கும். இரண்டாம் கியரின் எல்லையோ சுமார் 110 கிலோமீட்டர்தான்.

12,400 என்பது 9,000ஐவிட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தானே கூடுதல் என்று தோன்றலாம். ஆனால் மேலும் கீழும் பாயும் பிஸ்டனும், அதைக் கீழே சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் தங்கள் எடையால் உண்டாக்கும் விசை, சுற்றின் இருமடிப்படி உயர்கிறது. அதாவது அந்த விசை ஏறக்குறைய 1.9 மடங்காகிவிடுகிறது. பிஸ்டனின் ஓட்டத் தூரம் 84 மில்லிமீட்டர் என்பதால், 9,000 சுற்றிலேயே அதன் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டுகிறது. சாலையில் ஓடும் கார்களில் இது மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. 12,400 சுற்றில் அது 35 மீட்டரை நெருங்கும்.

இருந்தாலும் முதலில் அடிபடுவது பெரும்பாலும் இன்ஜினின் கீழ்ப்பகுதி அல்ல, சிலிண்டருக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியேற்றும் வால்வுகள். வால்வைத் திறப்பது கேம் என்னும் சுழலும் புடைப்பு, மூடுவது ஸ்பிரிங். 9,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 முறை திறந்து மூடுகிறது, 12,400 சுற்றில் நூறு முறைக்கு மேல். அந்த வேகத்தில் ஸ்பிரிங்கால் வால்வைக் கேமின் வளைவோடு ஒட்டி மூட முடிவதில்லை. வால்வு தன் போக்கில் மிதக்கத் தொடங்குகிறது, அதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடுகிறது. இரண்டும் உரசினால் வால்வின் தண்டு வளைகிறது. உரசாமல் தப்பினாலும், மிதந்த வால்வு இருக்கையில் வந்து மோதும்போது எழும் அதிர்ச்சி முழுவதையும் ரிட்டெய்னர் வாங்கிக்கொள்கிறது. வால்வுத் தண்டின் உச்சியில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கும் சிறிய உலோகக் கிண்ணத்தைத்தான் ரிட்டெய்னர் என்கிறோம். உங்கள் வகைக் காரின், அதாவது ஏபி1 என்று அறியப்படும் முதல் வரிசையின், பலவீனமே இந்த ரிட்டெய்னர்தான். அளவு மீறிய சுழற்சியில் அதில் மயிரிழை விரிசல் விழுகிறது. வண்டி அப்போதும் ஓடும். விரிசல் மெல்ல வளர்ந்து, ஒருநாள் தண்டைப் பற்றியிருக்கும் கீப்பர்கள் நழுவி, வால்வு சிலிண்டருக்குள் விழுகிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவதை இன்ஜின் என்று சொல்ல முடியாது. பிந்திய ஏபி2 வரிசையின் ரிட்டெய்னர்களை வாங்கி ஏபி1 கார்களில் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உரிமையாளர்களிடையே பரவியதற்குக் காரணம் இதுவே.

உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன என்கிறீர்கள். அப்படியானால் சாலையின் வேகத்துக்கு ஈடாக அவை சுழலவில்லை. இன்ஜினை மேலே இழுக்க வேண்டிய விசையின் ஒரு பகுதி டயர் வழுக்கலில் கழிந்துவிட்டது. கிளட்ச் தட்டும் பற்றும்போது கொஞ்சம் வழுக்கியிருக்கும். ஆகவே 12,400 என்பது எட்டியிருக்கக்கூடிய உச்சம்; உண்மையில் 10,500ஓ 11,500ஓ ஆகியிருக்கலாம். ஆனால் 10,500ம் இந்த இன்ஜினுக்குப் பாதுகாப்பான எண் அல்ல.

சோதனைகளை எந்த வரிசையில் செய்வது என்பதும் முக்கியம். எண்ணெயை வடித்து, ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளுக்குள் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது. அடுத்து லீக்டவுன் டெஸ்ட். சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் இந்த முறை, வெறும் கம்ப்ரஷன் அளவைவிட நுட்பமானது. காற்று காதுக்குக் கேட்கும் இடத்தை வைத்தே பழுதின் இடத்தையும் சொல்லிவிடலாம். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளிழுக்கும் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். பிறகு மேல் மூடியைக் கழற்றி, குளிர்ந்த இன்ஜினில் வால்வு இடைவெளியை அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் 0.21 முதல் 0.25 மில்லிமீட்டரும், எக்ஸாஸ்ட் பக்கம் 0.25 முதல் 0.29 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். பதினாறில் ஏதேனும் ஒன்று மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அங்கேதான் கதை இருக்கிறது. ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை இறக்கி, பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தடம் பதிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பல பணிமனைகள் லீக்டவுன் சரியாக இருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று சாவியைக் கையில் கொடுத்துவிடும். அதை ஏற்காதீர்கள். விரிசல் விட்ட ரிட்டெய்னர் வால்வை ஒழுங்காகவே மூடிக்கொண்டிருக்கும். எந்தக் காற்றுச் சோதனையிலும் அது பிடிபடாது. ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்ப்பதுதான் வழி. இதற்கு சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை; சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை நிரப்பினால் வால்வு கீழே விழாமல் நிற்கும். அவ்வளவு தூரம் வந்த பிறகு பழையவற்றையே மாட்டுவதில் பொருளில்லை. பதினாறையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

கனெக்டிங் ராடு போல்ட்டுகளைப் பற்றியும் உங்களுக்கு ஐயம் எழலாம். அளவுக்கு மீறி இழுபட்ட போல்ட்டு மீண்டும் பழைய நீளத்துக்குத் திரும்பாது என்பது உண்மைதான். ஆயினும் ஃபில்டர் சுத்தமாக இருந்து, வால்வுகளும் நேராக இருந்து, கீழிருந்து தட்டும் ஓசையும் இல்லையென்றால், நானாக இருந்தால் அடிப்பகுதியைத் திறக்கச் சொல்ல மாட்டேன். அடுத்த எண்ணெய் மாற்றத்தைச் சீக்கிரமே செய்து, ஃபில்டரை மறுபடியும் வெட்டிப் பார்த்தால் போதும்.

கேள்வி: எல்லா நவீன கார்களிலும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே, அது ஏன் இந்த இடத்தில் காப்பாற்றுவதில்லை? கிளட்சை விடாமல் மிதித்தபடியே இருந்தால் எந்தச் சேதமும் வராதா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: ரெவ் லிமிட்டர் செய்வது ஒன்றே ஒன்று: குறிப்பிட்ட சுற்றை எட்டியதும் எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்துகிறது. இன்ஜின் தன் சொந்த வலுவால் சுழலும்போது அது போதும். தவறான கியரில் கிளட்சை விட்டதும் நிலைமை தலைகீழாகிறது. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையும் அதன் வேகமும் சக்கரங்கள் வழியாகவும் கியர் பெட்டி வழியாகவும் இன்ஜினைச் சுழற்றுகின்றன. தீனியை நிறுத்தினால் மாடு தானாக ஓடாது. ஆனால் கழுத்துக் கயிற்றை ஓடும் லாரியில் கட்டிவிட்டால் அது ஓடித்தான் ஆக வேண்டும். லிமிட்டர் தீனியை நிறுத்துகிறது, கயிற்றை அறுக்கும் வழி அதற்கு இல்லை.

இரண்டாம் கேள்வி பலரும் கேட்காத, கேட்க வேண்டிய கேள்வி. கியர் பெட்டிக்குள் இருக்கும் சின்க்ரோனைசர் வளையங்கள், கியர் விழுவதற்கு முன் உள்ளே வரும் தண்டின் வேகத்தைச் சக்கரங்களின் வேகத்தோடு சமன்படுத்துகின்றன. இன்றைய பெட்டிகளில் அவை நல்ல வலுவுள்ளவை. ஆகவே விழக்கூடாத கியரையும் பெரிய எதிர்ப்பு இல்லாமல் உள்ளே விட்டுவிடுகின்றன. அந்தத் தண்டோடு இணைந்திருப்பது கிளட்ச் தட்டு. எனவே கிளட்ச் மிதியில் இருக்கும்போதே, இன்ஜின் இன்னும் 9,000 சுற்றிலோ அதற்குக் கீழோ இருக்கும்போதே, தட்டு மட்டும் 12,000 சுற்றுக்கு மேல் சுழலத் தொடங்கிவிடுகிறது. அத்தகைய வேகத்தில் தட்டின் உராய்வுப் பொருள் பிய்ந்து சிதறக்கூடும். சிதறிய துண்டுகள் கிளட்ச் உறையைப் பிளந்த நிகழ்வுகளும் உண்டு. ஆனால் இரண்டு தீமைகளில் சிறியது எது என்றால் அதுதான்: தட்டை மாற்றிவிடலாம். கியர் குச்சி எதிர்பாராத இடத்துக்குப் போனது கையில் உறைத்தால் கிளட்சை விடாமல் குச்சியை நடுநிலைக்கு இழுத்துவிடுங்கள். விட்ட பிறகு மிதிப்பது, முதல் வாசகர் செய்ததுபோல, சேதத்தின் அளவைக் குறைக்கும், நடந்ததை மாற்றாது.

கேள்வி: நான் வாங்க நினைக்கும் கார் 2009ஆம் ஆண்டின் போர்ஷே 911 கரேரா எஸ், கையால் கியர் மாற்றுவது. ஓடிய தூரம் 56,000 கிலோமீட்டர். விற்பவர் கொடுத்த கணினி அறிக்கையில் இன்ஜின் ஓடிய நேரம் 1,120 மணி என்றும், அளவு மீறிய சுழற்சிக்கான பிரிவு 1இல் 1,850, பிரிவு 2இல் 210, பிரிவு 3இல் 40, பிரிவு 4இல் 18, பிரிவு 5, 6இல் பூஜ்யம் என்றும் இருக்கிறது. பிரிவு 4 கடைசியாகப் பதிவானது 310ஆம் மணியில். இந்தக் காரை விட்டுவிடவா? (வாசகர், லண்டன்)

பதில்: விட்டுவிட வேண்டாம், ஆனால் விலையைப் பேசும்போது இந்த அறிக்கையை மேசைமீது வையுங்கள்.

போர்ஷே கார்களின் இன்ஜின் கணினி, எல்லை மீறிய ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. 911இன் 996 தலைமுறையில் இரண்டு பிரிவுகளாக இருந்த பதிவு பின்னால் ஆறு பிரிவுகளாக விரிந்தது; பிரிவின் எண் கூடக்கூட எட்டிய சுற்றும் கூடும். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்கள் பழைய காருக்கு உத்தரவாதம் வழங்குமுன் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த எண்கள் எத்தனை முறை தவறு நடந்தது என்பதைக் குறிப்பவை அல்ல. அந்தப் பிரிவில் எத்தனை பற்றவைப்புகள் நிகழ்ந்தன என்பதைக் குறிப்பவை. பலர் இங்கேதான் பயந்துபோகிறார்கள். ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று பற்றவைப்பு. 8,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 400. பிரிவு 1இல் உள்ள 1,850 என்பது, கார் பிறந்த நாள் தொட்டுச் சேர்ந்த ஐந்து நொடிக்கும் குறைவான நேரம். வேகத்தை ஏற்றும்போது லிமிட்டரைத் தொட்டாலே அது சேர்ந்துவிடும். பிரிவு 2ம் பெரும்பாலும் அப்படித்தான்.

பிரிவு 4 வேறு இனம். இன்ஜின் தன் வலுவால் அங்கே போக முடியாது. யாரோ ஒருவர் தவறான கியரில் விட்டிருக்கிறார். 18 பற்றவைப்பு என்பது ஆறே சுற்று, நொடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அது நடந்து 810 மணி நேரம் ஓடியிருக்கிறது. உங்கள் அறிக்கையின்படி சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்பதால், அதற்குப் பிறகு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அந்தச் சம்பவத்தால் விழுவதாக இருந்த வால்வு இதற்குள் விழுந்திருக்கும் என்று கொள்வது நியாயமானது. லீக்டவுன் டெஸ்ட் ஒன்றைச் செய்து, ஆறு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவு காட்டினால் நான் வாங்கிவிடுவேன். இதே 18 சென்ற வாரத்துக்கான மணியில் பதிவாகியிருந்தால், ஒரு போன் அழைப்போடு பேச்சை முடித்திருப்பேன்.

கிலோமீட்டரை மணியால் வகுத்துப் பார்ப்பது எந்தக் காருக்கும் நல்ல பழக்கம். உங்களுக்கு 50 வந்தது, நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்துக்குப் பொருந்தும் எண். 15 என்றோ 120 என்றோ வந்தால் மீட்டரையோ கணினியையோ யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் கார் ஓட்டக் கற்று, பத்து ஆண்டுகள் அங்கேயே ஓட்டிவிட்டு இங்கே குடியேறியவன் நான். இங்கே இடப்பக்கம் அமர்ந்து வலக்கையால் கியர் போடும் ஸ்போர்ட்ஸ் காரில், மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது குச்சி இரண்டாவதின் பக்கம் இழுக்கிறது. ஊரில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. கை பழகாததுதான் காரணமா? (வாசகர், பிராம்ப்டன், கனடா)

பதில்: கைப்பழக்கமும் ஒரு காரணம், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. கியர்களின் அமைப்பு இரு நாடுகளிலும் ஒன்றே: ஒன்றும் இரண்டும் இடப்பக்கம், மூன்றும் நான்கும் நடுவில், ஐந்தும் ஆறும் வலப்பக்கம். மாறியிருப்பது நீங்கள் உட்காரும் இடம். அவசரத்தில் கை குச்சியை இறுகப் பற்றினால், முழங்கை மடங்கும்போது அது தன் உடம்பை நோக்கியே இழுக்கும். ஊரில் உங்கள் உடம்பு குச்சிக்கு வலப்பக்கம் இருந்தது. மூன்றிலிருந்து பின்னால் இழுக்கையில் கொஞ்சம் உடம்புப் பக்கம் சாய்ந்தாலும் ஆறாவது விழும், ஆறு இல்லாத காரில் வெறும் தடங்கல் வரும். இன்ஜின் வேகம் குறையுமே தவிரக் கூடாது. இங்கே உடம்பு இடப்பக்கம். அதே சாய்வு உங்களை இரண்டாவதுக்குக் கொண்டுபோகிறது. ஊரில் அந்தத் தவறு பலமுறை நடந்திருக்கலாம், தண்டனை இல்லாததால் நினைவில் நிற்கவில்லை.

பரிகாரம் எளியது. கியர் குச்சியை நடுவரிசைக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மூன்றிலிருந்து நடுநிலைக்கு வந்த குச்சி தானாகவே நான்காவதுக்கு நேராக நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியது அதைப் பிடிக்காமல் இருப்பது. விரல்களைச் சுற்றி மூடாமல், உள்ளங்கையைக் குச்சியின் முன்புறம் வைத்து நேராகப் பின்னால் தள்ளுங்கள். நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது மாத்திரம் உள்ளங்கையால் வலப்பக்கம் அழுத்தி, அந்த அழுத்தத்தை விடாமல் முன்னே தள்ள வேண்டும். அழுத்தம் போதாமல் போனால் மூன்றாவது விழும். எஸ்2000இல் 9,000 சுற்றில் அப்படி நேர்ந்தால் ஏறத்தாழ 11,500 சுற்று.

டிராக்கில் ஓட்டுபவராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வலப்பக்க வளைவில் திரும்பும்போது உங்கள் உடம்பும் கையும் இடப்பக்கம் தள்ளப்படுகின்றன, அதாவது இரண்டாம் கியரை நோக்கி. வளைவின் நடுவே மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றாமல், வளைவு நிமிரும் வரை பொறுப்பதில் நீங்கள் இழக்கும் நேரம் மிகச் சொற்பம். இன்ஜினையும் கியர் பெட்டியையும் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் தளர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வளைவில் பெட்டியே சற்று நகர்ந்துவிடுவதால், கை சரியாகப் போனாலும் கியரின் வாசல் அங்கே இருக்காது. பழைய பி.எம்.டபிள்யூ எம்3 கார்களை டிராக்குக்குக் கொண்டு செல்பவர்கள் முதலில் மாற்றும் பொருள்களில் இந்த மவுண்டுகளும் ஒன்று. உங்கள் காருக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தால் கையைக் குறை சொல்வதற்கு முன் அவற்றைப் பாருங்கள்.

கேள்வி: கியர் குறைக்கும்போது இன்ஜின் வேகத்தைத் தானாகவே ஏற்றிச் சமன்செய்யும் வசதி இப்போது சில மேனுவல் கார்களில் இருக்கிறதாமே, அது இருந்தால் இந்தக் கவலை வேண்டாமா? (வாசகர், துபாய்)

பதில்: வேண்டும். 2009ஆம் ஆண்டின் நிஸான் 370இசட் முதலாக வந்த இந்த வசதி, நீங்கள் தேர்ந்த கியருக்கு ஏற்ற சுற்றுக்கு இன்ஜினைக் கொண்டுவரும். நீங்கள் தேர்ந்தது சரியா என்று கேட்காது. எல்லையைத் தாண்டிய சுற்று தேவைப்பட்டால், எல்லை வரை ஏற்றிவிட்டு நின்றுவிடும். மிச்சத்தைச் சக்கரங்கள் செய்துவிடும். கடுமையாகப் பிரேக் பிடித்தபடி நான்கு, மூன்று, இரண்டு என்று அவசரமாக இறங்குபவருக்கு இது வேண்டாத துணிச்சலையும் தரும். அவர் போடுவது சரியான கியர்தான்; வேகம் குறைவதற்கு முன்னால் போடுகிறார், அவ்வளவே. ஒவ்வொரு கியரின் உச்ச வேகத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பது அந்த வசதியைவிடப் பயன் தரும்.

கேள்வி: ரேஸ் கார்களில் இந்தத் தவறு நடப்பதில்லையா? (வாசகர், சென்னை)

பதில்: ஒரு காலத்தில் தாராளமாக நடந்தது. அணிகள் ஓட்டுநரின் சொல்லை நம்பாமல், எட்டிய உச்சச் சுற்றிலேயே நின்றுவிடும் இரண்டாவது முள் ஒன்றைக் கொண்ட டாக்கோமீட்டரை, அதாவது சுற்றைக் காட்டும் மானியை, பொருத்தின. கார் பந்தயப் பாதையோரம் அணி நிற்கும் பிட்டுக்குத் திரும்பியதும் மேலாளர் முதலில் எட்டிப் பார்ப்பது அந்த முள்ளைத்தான். ஃபார்முலா 1இல் 1989ஆம் ஆண்டு ஃபெராரி 640 காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் கியர் நெம்புகள் வந்தன; அந்தக் கார் தன் முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், நைஜல் மான்செல் ஓட்ட வென்றது. வரிசை தவறிக் கியர் போடவே முடியாத ஏற்பாடு என்பதால் சில ஆண்டுகளுக்குள் மற்ற அணிகளும் அதற்கு மாறின. சாலைக் கார்களில் போர்ஷேவின் பி.டி.கே. போன்ற, கணினி இயக்கும் இரட்டைக் கிளட்ச் பெட்டிகளும் அதே வகை: இன்ஜின் தாங்காத கியரைக் கேட்டால் கணினி மறுத்துவிடும்.